15 கிலோ சுமைக்கு எத்தனை லிட்டர் முதுகுப்பை?

கேள்வி இதுதான்: உணவு, தண்ணீர், முதுகுப்பை ஆகிய மூன்றும் நீங்கலாக என் சாமான்கள் 8 கிலோ வருகின்றன; கூடாரத்தில் தங்கியபடி நான்கு இரவு, ஐந்து பகல் மலைநடை போகிறேன்; இந்த எடைக்கு 50 லிட்டர் பை போதுமா, 65 லிட்டர் வாங்க வேண்டுமா?

இத்தனை கிலோவுக்கு இத்தனை லிட்டர் என்று வாய்பாடு போல ஒரு வரியில் பதில் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்புதான். ஆனால் எடை வேறு, பருமன் வேறு. இரண்டு லிட்டர் தண்ணீர் 2 கிலோ எடை கொண்டது. பையின் பக்கவாட்டுச் சட்டைப்பைகளில் இரண்டு புட்டிகளாக நின்றுவிடும், உள்ளே துளி இடமும் கேட்காது. செயற்கை இழை நிரப்பிய ஸ்லீப்பிங் பேக் ஒன்று ஒன்றரைக் கிலோதான் இருக்கும்; ஆனால் 14 லிட்டர் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். எனவே உங்கள் கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு எடையைச் சுமக்கப் போகிறீர்கள் என்பது பையின் சட்டகமும் இடுப்புப் பட்டையும் எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லும். அந்தச் சாமான்கள் எவ்வளவு இடம் கேட்கின்றன என்பதுதான் லிட்டரைச் சொல்லும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பை வாங்குகிறவர்கள், இடம் போதும் என்று வாங்கிய பை எடையைத் தாங்காமல் தோளை அறுப்பதையோ, எடைக்குப் பயந்து வாங்கிய பெரிய பை பாதி காலியாகத் தொங்குவதையோ முதல் ஏற்றத்திலேயே கண்டுகொள்கிறார்கள்.

முதலில் எடையை எடுத்துக்கொள்வோம். நீங்கள் சொல்லும் 8 கிலோ என்பது நடையின் எந்தக் கட்டத்திலும் குறையாத பகுதி. கூடாரம், படுக்கை, துணிமணி, சமையல் பாத்திரம், விளக்கு, மருந்துப் பெட்டி என்று கடைசி நாள் வரை உடன் வருபவை அதில் அடங்கும். இதனுடன் பையின் எடையையும் சேர்த்ததை அடிப்படை எடை என்பார்கள். அது 4.5 கிலோவுக்குள் இருந்தால் மிக இலகு நடை என்றும், 9 கிலோவுக்குள் இருந்தால் இலகு நடை என்றும் நெடுநடைக்காரர்களிடையே ஒரு வழக்கு உண்டு. 10 பவுண்டு, 20 பவுண்டு என்ற முழு எண்களிலிருந்து வந்த வரம்புகள் என்பதைத் தவிர அவற்றில் பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. நீங்கள் ஒன்றரைக் கிலோ எடையுள்ள பை ஒன்றை வாங்குவதாக வைத்துக்கொண்டால் உங்கள் அடிப்படை எடை 9.5 கிலோ ஆகிறது.

பையைத் தேர்ந்தெடுக்க இந்த எண்ணும் போதாது. பயணத்திலேயே மிகக் கனமான காலையின் எடைதான் நமக்கு வேண்டும். பெரும்பாலும் அது முதல் நாள் காலை. உலர் உணவாகத் திட்டமிட்டால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 600 முதல் 900 கிராம் வரை ஆகும். 700 என்று கொண்டால் ஐந்து நாளுக்கு 3.5 கிலோ. எரிவாயு உருளை அதன் கூட்டோடு சேர்த்து ஏறத்தாழ 400 கிராம். தண்ணீர் 2 லிட்டர் என்றால் 2 கிலோ. ஆக 9.5, 3.5, 0.4, 2 ஆகியவற்றைக் கூட்டினால் 15.4 கிலோ வருகிறது. உணவு தீர்ந்து, தண்ணீரையும் ஒரு லிட்டராகக் குறைத்துக்கொண்டு இறங்கும் கடைசிக் காலையில் அதே பை 11 கிலோவை ஒட்டி இருக்கும். இந்த நான்கு கிலோ வித்தியாசம் உடலுக்கு நன்றாகவே தெரியும். ஆயினும் பையின் சட்டகத்தை 11 கிலோவுக்குப் பார்த்து வாங்கக் கூடாது, 15.4 கிலோவுக்குப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஏனென்றால் உடல் பழகாத முதல் நாளில்தான் பெரும்பாலும் மிக நீண்ட ஏற்றமும் வருகிறது.

அப்படியானால் 15 கிலோவைத் தாங்க ஒரு பைக்கு என்ன வேண்டும்? முதுகுப்பையின் வேலை சுமையைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பெலும்பின்மேல் வைப்பது. தோள் அதிக நேரம் எடை தாங்குவதற்கு ஏற்ற இடமல்ல. தோள்வார் அழுத்தும் இடத்தில் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் மேலாகவே ஓடுகின்றன, கை மரத்துப் போவது அதனால்தான். இடுப்பெலும்பு நேரடியாகக் கால்களுக்கு எடையைக் கடத்துகிறது. ஆனால் பையின் மேற்பகுதியில் இருக்கும் எடை இடுப்புப் பட்டைக்கு வந்து சேர வேண்டுமென்றால், இடையில் விறைப்பான ஏதோ ஒன்று தூண்போல நிற்க வேண்டும். அதுதான் சட்டகம். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கரான டிக் கெல்டி அலுமினியக் குழாய்ச் சட்டகத்தையும் இடுப்புப் பட்டையையும் சேர்த்துப் பைகளைச் செய்து விற்றார். 1967இல் கிரெக் லோ அந்தச் சட்டகத்தைப் பைக்குள்ளேயே மறைத்து வைக்கும் வடிவத்தைக் கொண்டுவந்தார். இன்று கடைகளில் தொங்கும் பெரும்பாலான பைகள் இந்த உட்சட்டக வகையின் பிள்ளைகள்தான்.

சட்டகமே இல்லாத பைகளும் உண்டு. 500 முதல் 700 கிராம் எடைக்குள் முடிந்துவிடும் அவற்றைக் கையில் தூக்கிப் பார்த்தாலே ஆசை வரும். மொத்தச் சுமை 7, 8 கிலோவைத் தாண்டாதவரை அவை அருமையாக வேலை செய்யும். 9 கிலோவுக்கு மேல் ஏற்றினால் பையின் முதுகுப்பக்கம் மடிந்து, இடுப்புப் பட்டைக்கும் தோள்வாருக்கும் இடையிலான தூரம் சுருங்கி, எடை முழுவதும் தோளுக்கு வந்துவிடும். இதைக் கண்ணாலேயே சோதிக்கலாம். பையை நிரப்பி மாட்டி, இடுப்புப் பட்டையை இறுக்கிய பின் வேறொருவரைப் பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். முதுகோடு ஒட்டிய பகுதி அக்கார்டியன் போல நடுவில் புடைத்து மடிந்திருந்தால் அந்தச் சுமை அந்தப் பைக்கு அதிகம். அத்தகைய பையில் 15 கிலோவை ஏற்றுவது குருவி தலையில் பனங்காய் வைத்த கதைதான். மெல்லிய ஒற்றைக் கம்பியோ பிளாஸ்டிக் தகடோ கொண்ட இலகுப் பைகள் 12, 13 கிலோ வரை சமாளிக்கும். உங்கள் 15 கிலோவுக்கு இரண்டு அலுமினியக் கம்பிகளோ சுற்றிவரும் கம்பிச் சட்டகமோ உள்ள, பஞ்சு வைத்த உறுதியான இடுப்புப் பட்டை கொண்ட பை தேவை. 20 கிலோவைத் தாண்டுகிறவர்களுக்கு இதைவிடக் கனமான கட்டுமானம் வேண்டும். அந்தப் பைகளே இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும்.

ஒரே 55 லிட்டரில் 9 கிலோவுக்கு மேல் தாங்காத பையும் கிடைக்கும், 20 கிலோவை அலட்டாமல் தூக்கும் பையும் கிடைக்கும் என்பதை இங்கேயே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பல தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு பைக்கும் பரிந்துரைக்கும் அதிகபட்சச் சுமையைக் கிலோவில் குறிப்பிடுகிறார்கள். லிட்டரைப் பெரிய எழுத்திலும் இதைச் சிறிய எழுத்திலும் அச்சிடுவது அவர்கள் வழக்கம். வாங்குகிறவர் முதலில் தேட வேண்டியது சிறிய எழுத்தில் இருப்பதைத்தான். அந்த எண்ணும் சற்றுத் தாராளமாகவே போடப்படுகிறது என்பது என் அனுபவம். அதனால் அவர்கள் சொல்லும் உச்சத்துக்கு இரண்டு கிலோ கீழே உங்கள் கனமான காலை நிற்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

இனி லிட்டர். இதற்கு ஓர் அட்டைப்பெட்டி போதும். எடுத்துப் போகவிருக்கும் சாமான்கள் அத்தனையையும், உணவு உட்பட, பயணத்தில் எப்படி மடித்துச் சுருட்டி வைப்பீர்களோ அப்படியே ஒரு பெட்டிக்குள் அடுக்குங்கள். இடைவெளிகளில் காலுறை, கையுறை போன்றவற்றைச் செருகுங்கள். மேற்பரப்பு சமமானதும் நீளம், அகலம், நிரம்பிய உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர் கிடைத்துவிடும். 50க்கு 30 பெட்டியில் 30 செ.மீ. உயரத்துக்குச் சாமான் வந்தால் அது 45 லிட்டர். தண்ணீர்ப் புட்டிகளையும், வெளியே கட்டிக்கொள்ளும் நுரைப் பாயையும் பெட்டிக்குள் வைக்க வேண்டாம்.

பெட்டியில்லாமல் மனக்கணக்காகவும் போட்டுப் பார்க்கலாம். உங்கள் 8 கிலோவை நான் இப்படி ஊகிக்கிறேன்: 2 கிலோ கூடாரம் 9 லிட்டர், காற்றடைக்கும் மெத்தை 3 லிட்டர், மாற்றுத் துணியும் குளிர் உடையும் சேர்ந்து 7 லிட்டர், மழைச்சட்டை 2 லிட்டர், அடுப்பும் எரிவாயு உருளையும் பாத்திரத்துக்குள்ளேயே அடங்கிவிட்டால் 3 லிட்டர், மருந்து, விளக்கு, பல்துலக்கும் பொருள் வகையறா 3 லிட்டர், மின்கலம், கேமரா போன்றவை 2 லிட்டர், உணவு 3.5 கிலோவுக்கு ஏறத்தாழ 9 லிட்டர். இதுவரை 38 லிட்டர் ஆகிறது. ஸ்லீப்பிங் பேக்கை இன்னும் சேர்க்கவில்லை. முடிவு அதன் கையில்தான் இருக்கிறது. வாத்தின் மென்சிறகு அடைத்ததாக இருந்தால் 7 லிட்டருக்குள் அமுங்கிவிடும், மொத்தம் 45. அதே வெதுவெதுப்பைத் தரும் செயற்கை இழை வகையாக இருந்தால் 14 லிட்டர் பிடிக்கும், மொத்தம் 52. எடையில் இரண்டுக்கும் அரைக் கிலோ அளவே வேறுபாடு இருந்தாலும், வாங்க வேண்டிய பையில் கிட்டத்தட்ட எட்டு லிட்டர் வேறுபாடு வந்துவிடுகிறது. எடையிலிருந்து லிட்டரை ஊகிக்க முடியாது என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

வந்த எண்ணுக்கு மேல் பத்து விழுக்காடு சேர்த்துக்கொள்ளுங்கள். 45 என்றால் 50. 52 என்றால் 57 அல்லது 58. இந்தக் கூடுதல் ஆடம்பரமல்ல. வீட்டுத் தரையில் உட்கார்ந்து, காற்றைப் பிதுக்கி, முழங்காலால் அமுக்கிச் சுருட்டிய கூடாரத்தையும் இரவெல்லாம் பெய்த மழையில் ஊறி, விடியற்காலைக் குளிரில் விரைத்த விரல்களோடு, மண்ணும் புல்லும் ஒட்டிய நிலையில் சுருட்டும் கூடாரத்தையும் ஒன்றாக எண்ண முடியாது. ஈரத்தால் அரைக் கிலோ கூடியிருக்கும். அதன் உறையின் வாயோ அன்றைக்கென்று ஓர் அங்குலம் சிறுத்துவிட்டது போலத் தோன்றும். அந்த வேளையில் பைக்குள் ஐந்து லிட்டர் இடம் மிச்சமிருப்பது பெரிய நிம்மதி.

சாமான்களை இறுக்கி அமுக்கும் வார் வைத்த உறைகளைப் பற்றி ஒரு சொல். அவை பருமனைக் குறைப்பது உண்மை. ஆனால் ஒவ்வொன்றையும் கல் போன்ற உருண்டையாக்கிவிட்டால், உருண்டைகளுக்கு இடையே நிரப்ப முடியாத பொந்துகள் விழும். மூன்று பந்துகளை ஒரு வாளிக்குள் போட்டுப் பாருங்கள், புரியும். ஸ்லீப்பிங் பேக்கைத் தடித்த பாலித்தீன் உறைக்குள் தளர்வாகத் திணித்துப் பையின் அடியில் பரப்பிவிட்டால் அது மூலைமுடுக்கெல்லாம் போய் நிரம்பிவிடும். அதன்மேல் வைக்கும் பொருள்களின் எடையே அதை அமுக்கும். நனையாமலும் இருக்கும்.

பையின் பெயரோடு ஒட்டியிருக்கும் லிட்டர் எண்ணை அப்படியே நம்பிவிடவும் கூடாது. பையின் கொள்ளளவை 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் உருண்டைகளால் நிரப்பி அளக்கும் முறை ஒன்றை ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பு எஃப்2153 என்ற எண்ணில் வெளியிட்டிருக்கிறது. எல்லாத் தயாரிப்பாளர்களும் அதைப் பின்பற்றுவதில்லை. ஒருவர் மூடக்கூடிய அறைகளை மட்டும் கணக்கில் எடுப்பார். இன்னொருவர் வெளியே உள்ள வலைப்பைகள், இடுப்புப் பட்டையின் சிறு பைகள், நீட்டிக்கொள்ளக்கூடிய கழுத்துப் பகுதி எல்லாவற்றையும் கூட்டி 60 என்று போடுவார். அவருடைய 60இல் முதன்மை அறை 45 லிட்டராகவே இருக்கக்கூடும். போதாக்குறைக்கு, ஒரே பெயருள்ள பை சிறிய, நடுத்தர, பெரிய முதுகளவுகளில் வரும்போது ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று லிட்டர் மாறும். எனவே கடைக்கு உங்கள் சாமான்களையே கொண்டு போய் நிரப்பிப் பார்ப்பதைப் போன்ற சோதனை வேறில்லை. கடைக்காரர்கள் இதற்கு முகம் சுளிப்பதை நான் கண்டதில்லை. சுளித்தால் வேறு கடைக்குப் போகலாம்.

பெரிதாகவே வாங்கிவிட்டால் எல்லாப் பயணத்துக்கும் ஆகுமே என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. நான் முதலில் வாங்கியது 80 லிட்டர் பை. மூன்று நாள் நடைக்கு அதில் எல்லாவற்றையும் வைத்த பிறகும் மேலே வெறுமையாக இருந்தது. அந்த வெறுமையைப் பார்த்ததும் இன்னொரு கம்பளிச்சட்டை, கூடுதல் காலணி, தடித்த புத்தகம் ஒன்று, இரண்டாவது பாத்திரம் என்று ஒவ்வொன்றாக உள்ளே போயின. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது மனிதர்கள் மட்டுமல்ல, சாமான்களும்தான். 18 கிலோவுடன் புறப்பட்டு, புத்தகத்தின் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டாமல், அந்தக் காலணியைக் காலில் போடாமல், அத்தனையையும் சுமந்து திரும்பினேன். பெரிய பைக்கு அதன் சொந்த எடையே 300, 400 கிராம் கூடுதல் என்பது இதில் சிறிய தொல்லைதான். பாதி நிரம்பிய பெரிய பையில் சாமான்கள் அடியில் சரிந்து, பின்புறமாகப் புடைத்து, ஒவ்வோர் அடிக்கும் உங்களைப் பின்னுக்கு இழுக்கும். பக்கவாட்டு இறுக்கு வார்கள் ஓரளவுக்குத்தான் அதைக் கட்டுப்படுத்தும்.

சிறிய பையின் தொல்லை வேறு மாதிரி. உள்ளே அடங்காதவை வெளியே தொங்கத் தொடங்கும். பாத்திரம் ஒரு பக்கம், ஈரத்துணி ஒரு பக்கம், கூடாரம் பின்னால் என்று கட்டினால் சுமையின் மையம் முதுகை விட்டு விலகிப் போகிறது. ஒரு குடத்தை இடுப்போடு அணைத்துப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. எடை மாறவில்லை, ஆனால் உடல் அதை ஈடுகட்ட முன்னால் குனிந்து நடக்க வேண்டியிருக்கிறது. புதரில் மாட்டிக் கிழிவதும், குறுகலான பாறை வழியில் இடிபடுவதும் வேறு. நுரைப் பாய் ஒன்றை மட்டும் விதிவிலக்காகக் கொள்ளலாம்: அது 400 கிராம்தான் இருக்கும், உள்ளே வைத்தால் பத்து லிட்டருக்கு மேல் விழுங்கும், நனைந்தாலும் தண்ணீரை உறிஞ்சாது. இரண்டு அளவுகளுக்கு நடுவே தடுமாறுகிறவர்களுக்கு என் பரிந்துரை, ஐந்து லிட்டர் பெரியதை எடுப்பது. பதினைந்து லிட்டர் பெரியதை எடுப்பதற்கு இந்த வாதத்தைப் பயன்படுத்த வேண்டாம்.

உடல் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் சுமக்கக் கூடாது, பகல் நடையானால் 10 விழுக்காட்டோடு நிறுத்த வேண்டும் என்ற விதியைப் பல இடங்களில் படித்திருப்பீர்கள். அதன்படி 15.4 கிலோ என்பது 77 கிலோ எடையுள்ள ஒருவருக்குத்தான் ஏற்றது. இதை எச்சரிக்கை மணியாக வைத்துக்கொள்ளலாம். சட்டமாக எடுத்துக்கொண்டால் சிக்கல். 50 கிலோ எடையுள்ளவரின் கூடாரமும் அடுப்பும் அவருக்காக எடை குறைந்துவிடுவதில்லை. உடல் எடை மிகுந்த ஒருவர் தம் உடலையே கூடுதலாகச் சுமந்து ஏறுகிறார் என்பதையும் இந்த விதி கணக்கில் கொள்வதில்லை. உங்கள் எண் 20 விழுக்காட்டைத் தாண்டினால், முதலில் கூடாரம், ஸ்லீப்பிங் பேக், மெத்தை இந்த மூன்றில் எதைக் குறைக்கலாம் என்று பாருங்கள். துணையோடு போகிறீர்கள் என்றால் கூடாரத்தையும் சமையல் சாமானையும் பங்கிட்டாலே ஒன்றரைக் கிலோ இறங்கிவிடும். பல்துலக்கியின் காம்பை அறுப்பதெல்லாம் அதற்குப் பிறகு. 1955இல் 67 வயதில் அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதை முழுவதையும் ஒற்றை ஆளாக நடந்து முடித்த எம்மா கேட்வுட், வீட்டிலேயே தைத்த துணிப்பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டுதான் போனார். கூடாரத்துக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் திரை இருந்தது. அவர் சுமந்த எடைக்குச் சட்டகம் தேவைப்படவில்லை. அவ்வளவு குறைவான சாமானோடு இரவைக் கழிக்க எல்லோராலும் முடியாது என்பதும் உண்மை.

பை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முதுகின் நீளத்துக்குப் பொருந்தாவிட்டால் எடை இடுப்புக்கு இறங்காது. தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் துருத்திக்கொண்டு ஓர் எலும்பு தட்டுப்படும். அது ஒரு முனை. இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் உச்சியில் வைத்து, கட்டைவிரல்களை முதுகுப் பக்கம் நீட்டினால் அவற்றை இணைக்கும் கோடு மறு முனை. துணி அளக்கும் நாடாவை முதுகெலும்பின் வளைவோடு வைத்து இந்த இரண்டுக்கும் இடையில் இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். உங்கள் உயரத்தை வைத்து இதை ஊகிக்கக் கூடாது. உயரமானவர்களுக்குக் கால் நீண்டு முதுகு குட்டையாக இருப்பது சாதாரணம். இந்த அளவுக்கு ஏற்ற பையை மாட்டி, பட்டையின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் உச்சியில் அமரும்படி முதலில் அதை இறுக்கி, பிறகு தோள்வாரை, அதன் பிறகு தோள்வாரின் உச்சியிலிருந்து பையின் மேற்பகுதிக்குப் போகும் சிறு வாரை இழுங்கள். அந்தச் சிறு வார் ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் நின்றால் முதுகளவு சரி. பட்டையின் பஞ்சு வைத்த இரண்டு முனைகளும் வயிற்றின் முன் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் பட்டை உங்களுக்குப் பெரிது, மேற்கொண்டு இறுக்க இடமில்லை.

கடையில் மாட்டிப் பார்க்கும்போது பைக்குள் மணல் மூட்டைகளைப் போட்டுத் தருவார்கள். அவை அடியில் ஒரு கட்டியாக உட்கார்ந்து, உண்மையான சுமை எப்படி இருக்கும் என்பதைக் காட்டாது. அடியில் படுக்கை, நடுவில் முதுகோடு ஒட்டி உணவும் தண்ணீரும், வெளிப்பக்கமும் மேலும் துணி என்று உங்கள் சாமான்களை அடுக்கி, கால்மணி நேரமாவது மாட்டிக்கொண்டு, படிகளில் ஏறி இறங்கிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். ஐந்து நிமிடத்தில் எல்லாப் பைகளும் சுகமாகத்தான் இருக்கும்.

சில பயணங்களில் மேலே சொன்ன கணக்கு புரண்டுவிடும். வழியில் தண்ணீர் கிடைக்காத நிலப்பரப்பில் ஆறு லிட்டர் சுமக்க நேர்ந்தால் உங்கள் 15.4 கிலோ 19க்கு மேல் போகும். அப்போது லிட்டரைப் பெரிதாகக் கூட்ட வேண்டியதில்லை, சட்டகத்தைத்தான் வலுவாக்க வேண்டும். பனிக்கால நடைக்கு இதற்கு நேரெதிர்: தடித்த ஸ்லீப்பிங் பேக்கும் குளிர் உடைகளும் எடையில் அதிகம் கூடாமல் பத்து, பதினைந்து லிட்டர் கேட்கும். கரடிகள் நடமாடும் காடுகள் சிலவற்றில் உணவைக் கெட்டியான பிளாஸ்டிக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 11, 12 லிட்டர் கொள்ளும் அந்தப் பீப்பாய் ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ளது, அமுங்காதது. அது பைக்குள் நேராக இறங்குகிறதா என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். இரவு தங்காத பகல் நடைக்கு இத்தனை யோசனை தேவையில்லை. 20 முதல் 30 லிட்டருக்குள் தோளுக்கு இதமான எதுவும் போதும்.

உங்களுக்கு நேரடியாகச் சொல்வதானால்: இரண்டு கம்பிச் சட்டகம் கொண்ட, குறைந்தது 17, 18 கிலோவுக்குப் பரிந்துரைக்கப்பட்ட பையை மட்டும் பாருங்கள். ஸ்லீப்பிங் பேக் மென்சிறகு வகையானால் 50 லிட்டர் போதும். செயற்கை இழையானால் 58, 60 லிட்டருக்குப் போங்கள். 65 லிட்டர் உங்களுக்குத் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஸ்லீப்பிங் பேக்கை மாற்றும் எண்ணம் இருந்தால் அதை முதலில் வாங்கிவிட்டு, பையைக் கடைசியாக வாங்குங்கள். சாமான் சேராத நிலையில் வாங்கிய பைதான் பெரும்பாலும் ஓர் ஆண்டுக்குள் கைமாறுகிறது. முதல் நடைக்கு யாரிடமாவது இரவல் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. திரும்பி வந்ததும், அலுப்பாக இருந்தாலும், பையைத் தரையில் கவிழ்த்து, ஐந்து நாளில் ஒருமுறைகூடத் தொடாத பொருள்களை ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மருந்துப் பெட்டியையும் மழைச்சட்டையையும் அந்தக் குவியலில் சேர்க்க வேண்டாம். மீதியை அதே அட்டைப்பெட்டியில் அடுக்கி மறுபடி அளந்து பாருங்கள். அப்போது கிடைக்கும் எண்ணை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம்.